அனுமதி கேட்டுப் போனவர்கள்

திருச்சபையின் தொண்டராக வேற்று நாட்டுக்குப் போய், ஓராண்டோ ஈராண்டோ அங்கேயே தங்கி வேலை செய்வது கிறிஸ்தவ உலகில் நெடுநாள் வழக்கம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அகதி முகாம், முதியோர் இல்லம் என்று எங்கே போனாலும், இப்படி வருகிறவரை உதவ வந்தவராகவே ஊர் எண்ணுகிறது. மொழி தெரியாவிட்டாலும், சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அந்த எண்ணம் அவருக்குப் பெரிய துணை. 1959 முதல் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சபைகளிலிருந்து புறப்பட்ட தொண்டர்களுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை. அவர்கள் போய் இறங்கிய ஊர்கள் பலவற்றைப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு எரித்தவர்கள் ஜெர்மன் சிப்பாய்கள். ஜெர்மன் மொழி காதில் விழுந்தாலே முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அந்நியர் எப்படி வாழப் பழகுகிறார், ஊர் எப்படி அவருக்கு இடம் கொடுக்கிறது என்பதை அறிய இந்த இயக்கத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இயக்கத்தின் ஜெர்மன் பெயர் ‘ஆக்ட்ஸியோன் ஸூனெட்சைக்கன்’. பிராயச்சித்தத்தின் அடையாளமாகச் செய்யும் செயல் என்பது அதன் பொருள். அதைத் தொடங்கியவர் லோதர் கிரைசிக் என்ற நீதிபதி. 1898-இல் சாக்சனியில் பிறந்தவர். ஹிட்லருக்குப் பணிய மறுத்த சபைப் பிரிவில் இருந்தவர். மனநலம் குன்றியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் சட்டப்படி காப்பாளர்களை நியமித்து மேற்பார்க்கும் பொறுப்பு, பிராண்டன்பர்க் நகர நீதிமன்றத்தில் அவரிடம் இருந்தது. 1940-இல், இல்லங்களில் இருந்த தம் பொறுப்பிலான மனிதர்கள் இறந்துவிட்டதாக அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. அரசே அவர்களைக் கொல்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தத் திட்டத்தில் 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கிரைசிக் நீதி அமைச்சருக்கு எழுதினார். திட்டத்தின் தலைவர்களில் ஒருவரான பூலர் மீது கொலைக் குற்றம் சாட்டினார். தம் அனுமதியின்றி எந்த நோயாளியையும் வெளியே அனுப்பக் கூடாது என்று இல்லங்களுக்கு உத்தரவிட்டார். ஹிட்லரின் சித்தமே சட்டம் என்பதை ஏற்காதவர் நீதிபதியாக நீடிக்க முடியாது என்று அமைச்சர் சொல்ல, கிரைசிக் பதவியை இழந்தார். எதிர்த்து நின்ற வெகு சில ஜெர்மன் நீதிபதிகளில் ஒருவர், போர் முடிந்த பிறகு குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று பேசினார் என்பது கவனிக்கத் தக்கது.

1958 ஏப்ரலில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைகளின் சினாடு பெர்லினில் கூடியது. அணு ஆயுதம் பற்றிய கடும் வாக்குவாதத்திலேயே நாட்கள் கழிந்தன. கடைசி நாளான ஏப்ரல் 30 அன்று கிரைசிக் ஓர் அழைப்பை வாசித்தார். போரைத் தொடங்கியவர்கள் ஜெர்மானியர். கோடிக்கணக்கானோரின் துன்பத்துக்கும் யூதர்களின் படுகொலைக்கும் காரணமானவர்கள் ஜெர்மானியர். அதை விரும்பாதவர்களும் தடுக்கப் போதிய அளவு முயலவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டது அந்த அழைப்பு. பிறகு ஒரு வேண்டுகோள். எங்களால் வன்முறைக்கு ஆளான மக்கள், தங்கள் நாட்டில் எங்கள் கைகளால் ஏதேனும் நன்மை செய்ய எங்களை அனுமதிக்க வேண்டும். ஒரு குடியிருப்போ, ஆலயமோ, மருத்துவமனையோ, எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

உதவி செய்ய வருகிறோம் என்ற பேச்சே அதில் இல்லை. ‘அனுமதிக்க வேண்டும்’ என்ற அந்த நிலை, பின்னால் போன ஒவ்வொரு தொண்டரும் அந்த ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டது. அனுமதி கேட்டு வந்தவருக்கு மறுப்பு வரலாம். வந்த பிறகும் எந்த நாளிலும் அது திரும்பப் பெறப்படலாம்.

முதலில் மறுப்புத்தான் வந்தது. போலந்து, ரஷ்யா, இஸ்ரேல் ஆகிய மூன்றையுமே அழைப்பு பெயர் சொல்லிக் குறித்திருந்தது. மூன்றும் உடனே கதவைத் திறக்கவில்லை. நெதர்லாந்தும் நார்வேயும் ஒப்புக்கொண்டன. 1959-இல் நெதர்லாந்தின் அவுட்டார்ப் என்ற கடற்கரை ஊரில் தொழிலாளர்களுக்கான விடுமுறை இல்லம் ஒன்றில் வேலை தொடங்கியது. நார்வேயில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றிலும், வடகோடியில் ஓர் ஆலயத்திலும் வேலை கிடைத்தது.

அந்த வடகோடியின் பெயர் பின்மார்க். 1944 இலையுதிர் காலத்தில் சோவியத் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த மாகாணத்தைக் கொளுத்திக்கொண்டே போனது. வீடு, படகுத்துறை, பள்ளி, மருத்துவமனை, ஆலயம் என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. சுமார் 50,000 பேர் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து, துருவப் பகுதியின் இருண்ட குளிர்காலத்தைக் கழித்தார்கள். கோகெல்வ் என்பது அங்கே சாமி இன மக்கள் வாழும் சிறு கடற்கரைக் கிராமம். அந்த ஊருக்கு ஆலயம் கட்டித் தர வந்த ஜெர்மன் இளைஞர்களைப் பார்த்த பெரியவர்கள் அனைவருக்கும் தீயை நேரில் கண்ட நினைவு இருந்தது. 1960-இல் ஆலயம் எழும்பியது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

கிரேக்கத் தீவான கிரீட்டில் காண்டனோஸ் கிராமத்துக்குப் போனவர்களின் நிலை இதைவிடக் கடினம். தீவுக்குள் முன்னேறிய ஜெர்மன் படையை எதிர்த்ததற்குத் தண்டனையாக, 1941 ஜூன் 3 அன்று அந்தக் கிராமம் தரைமட்டமாக்கப்பட்டது. ஊர்மக்களில் பலர் கொல்லப்பட்டனர். இங்கே காண்டனோஸ் இருந்தது என்று ஜெர்மானியர்கள் பலகையும் நாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாசகங்கள் இன்றும் ஊரின் நினைவிடத்தில் கல்லில் இருக்கின்றன. 1963-இல் இயக்கத்தின் தொண்டர்கள் அந்த ஊருக்குக் குடிநீர் வசதி அமைத்துக் கொடுத்தார்கள். கிராமத்தில் தண்ணீர் எல்லா வீட்டையும் தொடுகிற விஷயம். குழாய் பதிக்க வந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் நிற்க வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் பேச வேண்டும். ஓரமாக ஒதுங்கி வேலை பார்த்துவிட்டுப் போக அதில் வழியே இல்லை.

அதே ஆண்டுகளில் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள தெய்சே கிராமத்திலும் வேலை நடந்தது. சகோதரர் ரோஜே 1940-இல் அங்கே வந்து, போர்க்காலத்தில் யூதர்கள் உள்ளிட்ட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். போர் முடிந்ததும், அருகே சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கைதிகளுக்கும் உணவு கொண்டுபோனவர். அவர் தொடங்கிய துறவியர் குழுவுக்குக் கிராமத்தின் பழைய கோயில் போதாமல் போனபோது, ஜெர்மன் தொண்டர்கள் ஒப்புரவு ஆலயத்தைக் கட்டினார்கள். 1962 ஆகஸ்ட் 6 அன்று அது அர்ப்பணிக்கப்பட்டது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு வந்ததால், 1971 ஈஸ்டருக்கு அதன் முன்சுவரை இடித்துக் கூடாரம் போட்டு இடத்தைப் பெருக்க வேண்டியதாயிற்று. லியோன் நகரை ஒட்டிய வில்லெர்பானில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றைக் கட்டும் பணியிலும் தொண்டர்கள் இறங்கினார்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுகளால் எரிந்த பேராலயத்தின் இடிபாடுகளுக்கு இடையே, சர்வதேச மையம் ஒன்றை அமைக்கப் பதினாறு இளைஞர்கள் வந்து வேலை செய்தார்கள்.

இந்த ஆரம்பகாலக் குழுக்கள் வாழ்ந்த முறையே அவர்கள் ஊரில் காலூன்ற உதவியது. மாணவர்களும் கைத்தொழில் தெரிந்தவர்களும் கலந்த குழு. எளிய தங்குமிடம், பொதுச் சமையல், காலை ஜெபம், பிறகு வேலைத்தளம். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும். சிமென்ட் குழைக்கிறவரை ஊர்க்காரர் தினமும் பார்க்கிறார். எத்தனை மணிக்கு எழுகிறார், மழையில் நிற்கிறாரா, சுவர் நேராக வருகிறதா, கருவிகளைத் துடைத்து வைக்கிறாரா என்பதெல்லாம் தெரிகின்றன. பேச்சுக்கு மொழி தேவை, வேலைக்கு அது தேவைப்படவில்லை. எந்த மன்னிப்பு உரையும் எடுபடாத இடத்தில், பார்த்துப் பார்த்து மதிப்பிடக்கூடிய உடலுழைப்பு மாதக்கணக்கில் நடந்தது. அதன் பிறகுதான் யாரேனும் ஒருவர் காபி கொண்டுவந்து கொடுப்பதும், பேர் கேட்பதும், கடைசியாக 1944-ஐப் பற்றியோ 1941-ஐப் பற்றியோ பேசுவதும். இந்த வரிசையை மாற்ற முயன்றால் எதுவும் நடக்காது என்பதை இயக்கம் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

1961 இலையுதிர் காலத்தில் முதல் குழு இஸ்ரேல் போய்ச் சேர்ந்தது. தங்கியது நெகேவ் பாலைநிலத்தில் உள்ள உரீம் என்ற கிபுட்ஸில். நிலமும் உழைப்பும் சமையலறையும் பொதுவாக உள்ள வேளாண் குடியிருப்பு அது. யூதப் படுகொலையை ஒருங்கிணைத்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு எருசலேமில் நடந்த ஆண்டு அதுவே. விசாரணை நடந்தபோது வானொலியில் சாட்சிகளின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனிக்கும் இஸ்ரேலுக்கும் இடையே தூதரக உறவுகூட அப்போது இல்லை. 1965 மே மாதத்தில்தான் அது ஏற்பட்டது. ஆக, இரு அரசுகளும் கைகுலுக்குவதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே ஜெர்மன் இளைஞர்கள் அங்கே வயலில் இறங்கியிருந்தார்கள். இஸ்ரேலில் இன்னொரு கவனமும் தேவைப்பட்டது. கிறிஸ்தவர்கள் வந்தால் மதம் மாற்றத்தான் வருவார்கள் என்ற அச்சத்துக்கு யூதர்களின் வரலாற்றில் நூற்றாண்டுக்கணக்கான காரணம் உண்டு. இயக்கம் மதப் பிரசாரத்தை முற்றாக விலக்கியது. சபையிலிருந்து வந்தவர்கள், ஆனால் சபைக்கு ஆள் சேர்க்க வரவில்லை என்பது தெளிவான பிறகே அங்கே சகஜமாகப் பழக முடிந்தது.

1961 ஆகஸ்டில் எழுந்த பெர்லின் சுவர் இயக்கத்தை இரண்டாகப் பிளந்தது. கிரைசிக் கிழக்குப் பக்கத்தில் இருந்தார். கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கு நாடுகளுக்குப் போக முடியவில்லை. அவர்கள் மாக்டபர்க் நகரில் இடிந்த ஆலயங்களின் கற்களை அகற்றும் வேலையிலிருந்து தொடங்கி, கோடைக்கால முகாம்களை நடத்தினார்கள். 1965-இல் ஒரு குழு, போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு யாத்திரையாகப் போய்ச் சேர்ந்தது. மேற்கு ஜெர்மன் தொண்டர்களும் பிறகு அங்கே போய் முகாம் நினைவிடத்தைப் பராமரிக்கும் வேலையைச் செய்தார்கள். முகாமை ஒட்டிய ஓஷ்வியென்சிம் நகரில் சர்வதேச இளைஞர் சந்திப்பு மையம் 1986-இல் திறக்கப்பட்டது. உலகம் அந்த ஊரின் பெயரைக் கேட்டால் முள்வேலியை நினைக்கிறது. அங்கே குடியிருக்கும் தொண்டரோ வேறொன்றையும் கற்கிறார். அது பிள்ளைகள் பள்ளிக்குப் போகும், சந்தை கூடும், கல்யாணம் நடக்கும் சாதாரணப் போலந்து நகரம். தங்கள் ஊரை ஆஷ்விட்ஸ் என்ற ஜெர்மன் பெயரால் அழைப்பதை அங்குள்ளவர்கள் விரும்புவதில்லை.

கட்டட வேலைகள் நாளடைவில் குறைந்தன. 1960-களின் பிற்பகுதியிலிருந்து, குழுவாகப் போய்ச் சுவர் எழுப்புவதற்குப் பதிலாகத் தனித்தனியே மனிதர்களுக்குத் துணையிருக்கும் பணி வளர்ந்தது. படுகொலையிலிருந்து தப்பிய முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீடற்றவர்கள், அகதிகள் ஆகியோருடன் வேலை. 1968 முதல் அமெரிக்காவுக்கும் தொண்டர்கள் போனார்கள். கட்டாய ராணுவச் சேவையை மனசாட்சியின் பேரில் மறுத்த ஜெர்மன் இளைஞர்கள் பலர் அதற்கு மாற்றாக இந்தப் பணியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்திவைக்கப்பட்ட பிறகும், பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் தாமாக முன்வந்து சேருகிறார்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்று ஒருவர் போவதானால், நேர்முகத் தேர்வுக்குப் பிறகு ஆயத்தப் பயிற்சி உண்டு. அதில் நாட்டின் வரலாறும் குடும்ப வரலாறும் பேசப்படும். தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் போரில் எங்கே இருந்தார்கள், வீட்டில் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று விசாரித்துவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் போகிற இடத்தில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். புறப்படுவதற்கு முன் தொண்டர் தமக்கென்று ஞானப்பெற்றோர் வட்டம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். உறவினர், ஆசிரியர், சபை மக்கள் என்று சிலர் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்துத் தாங்குவார்கள். தொண்டர் அவர்களுக்குத் தம் வேலையைப் பற்றி அறிக்கை எழுதி அனுப்புவார். இது பணத்துக்கான ஏற்பாடு மட்டும் என்று எண்ணிவிட முடியாது. பத்தொன்பது வயதில் தனியே புறப்படும் ஒருவர், தாம் பார்ப்பதைச் சிலருக்கு ஒழுங்காக எழுதிச் சொல்லும் கடமையோடு போகிறார். குழப்பமான நாட்களில் அந்தக் கடமையே அவரை நிதானப்படுத்துகிறது.

முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் கடினம். பகல் முழுவதும் அந்நிய மொழியைக் கேட்டுக் கேட்டு, மாலைக்குள் மூளை களைத்துவிடும். பேருந்துச் சீட்டு வாங்குவதிலிருந்து குப்பையைப் பிரித்துப் போடுவது வரை எல்லாமே மீண்டும் கற்க வேண்டியவை. வேலை செய்யும் இல்லத்துக்கு அவர் இன்னும் உதவியாக ஆகியிருக்க மாட்டார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒருவர் தம் நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருப்பார். உதவ வந்தவர், தாமே பாரமாக இருப்பதை உணரும் காலம் இது. அதைத் தாங்க முடியாமல் சிலர் அளவுக்கு மீறி உழைத்து ஓய்ந்துபோகிறார்கள். சிலர் மற்ற ஜெர்மன் தொண்டர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, தாய்மொழியிலேயே மாலைகளைக் கழிக்கிறார்கள். இரண்டுமே ஊருக்குள் போகும் வழியை அடைக்கின்றன. பிறர் தமக்காகச் செலவழிக்கும் பொறுமையை நன்றியோடு வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரே முதலில் நிலைகொள்கிறார். அது பெருமையை விட்டுக்கொடுக்கும் வேலை. இளம் வயதில் எளிதில் வராது.

தப்பிய முதியவர்களின் வீட்டில் இது இன்னும் நுட்பமாகிறது. பிராகாவிலோ எருசலேமிலோ நியூயார்க்கிலோ ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகும் தொண்டருக்கு, அவர் முகாமில் பட்டதைக் கேட்டறியும் ஆர்வம் இருக்கும். கேட்கக் கூடாது. கடைக்குப் போய்வர வேண்டும், பல்பு மாற்ற வேண்டும், செய்தித்தாள் படித்துக்காட்ட வேண்டும், மருத்துவரிடம் கூடப் போக வேண்டும். அவருக்குச் சொல்லத் தோன்றினால் ஒருநாள் சொல்வார். கடைசிவரை சொல்லாமலும் இருப்பார். பல முதியவர்களுக்கு அந்தச் சில ஆண்டுகளைத் தாண்டி நீண்ட வாழ்க்கை உண்டு. பார்த்த உத்தியோகம், வளர்த்த பிள்ளைகள், பிடித்த இசை, பேரப்பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அவரைச் சாட்சியாக மட்டும் பார்க்கிறவர் அந்த வீட்டில் விருந்தாளியாகவே நின்றுவிடுகிறார்.

மன்னிப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இளம் தொண்டர் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டால், ஆறுதல் சொல்லும் சுமை கேட்கப்பட்டவர் தலையில் விழுகிறது. அதோடு, கொல்லப்பட்டவர்களின் சார்பாக மன்னிக்கத் தமக்கு உரிமையில்லை என்று கருதும் தப்பியவர்கள் பலர். அதனால் மன்னிப்பை எதிர்பார்த்துப் போவது, அனுமதி கேட்டுப் போன தொடக்க நிலைக்கே முரணானது. ஒப்புரவு ஏற்பட்டுவிட்டது என்று அறிவிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. வந்தவர் தம் பங்கை மட்டும் செய்யலாம்.

ஜெர்மன் மொழியே இதில் விசித்திரமான இடம் வகிக்கிறது. சிலருக்கு அது முகாமில் கேட்ட அதட்டல்; தொண்டர் தொலைபேசியில் தாயோடு பேசுவதைக்கூட அவர்களால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வேறு சிலர் பெர்லினிலோ வியன்னாவிலோ பிராகாவிலோ பிறந்தவர்கள். ஜெர்மன் அவர்களுடைய தாய்மொழி, பள்ளியில் மனப்பாடம் செய்த கவிதைகளின் மொழி. பேச ஆளில்லாமல் பல ஆண்டுகள் இருந்த அவர்களுக்கு ஜெர்மன் பேசும் இளைஞர் வருவது பெரும் சந்தோஷம். யாரிடம் எந்த மொழியில் தொடங்குவது என்பதைத் தொண்டர் முடிவு செய்ய முடியாது. எதிரில் இருப்பவர் எந்த மொழியில் வாய் திறக்கிறார் என்று காத்திருக்கப் பழகுகிறார்.

சமையலறையிலும் கற்க வேண்டியவை உண்டு. உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் யூத இல்லங்களில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள்; தவறான கரண்டியை எடுத்தால் அதைச் சரிசெய்வது இல்லத்தாருக்குப் பெரும் வேலை. இஸ்ரேலில் வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது பெரும்பாலான பேருந்துகளும் கடைகளும் நின்றுவிடும். முன்கூட்டியே வாங்கிவைக்காதவர் பட்டினிதான். போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைக்கும் வழக்கம் உண்டு. ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட தொண்டரை அன்று வீட்டுக்கு அழைக்கும் போலந்துக் குடும்பம் கொடுப்பது வெறும் சாப்பாடு அல்ல.

ஓர் ஊருக்குள் வாழப் பழகுவதில் அதன் நாட்காட்டிக்குள் போவது முக்கியமான கட்டம். நெதர்லாந்தில் மே 4 இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது. இஸ்ரேலில் படுகொலை நினைவு நாளின் காலையில் சங்கு ஒலித்ததும், நெடுஞ்சாலையில் ஓடும் கார்களும் நின்று, ஓட்டுநர்கள் இறங்கித் தெருவில் நிற்பார்கள். நார்வேயில் மே 8 விடுதலை நாள். மே 17 அரசியல் சாசன நாளில் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட நாள். இந்த நாட்களில் ஜெர்மன் தொண்டர் எங்கே நிற்பது? வீட்டுக்குள் ஒளிந்திருப்பதா, கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்பதா, யாரேனும் அழைத்தால் முன்னே போய் மலர் வைப்பதா? எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி எதுவும் இல்லை. முதல் ஆண்டிலேயே யாரேனும் ‘எங்களோடு வா’ என்று கூப்பிட்டால், அந்த ஊர் அவருக்கு இடம் கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம். கூப்பிடாவிட்டால், தூரத்தில் நின்று தலைகுனிவதும் மரியாதையே.

நடு ஆண்டில் அந்தந்த நாட்டின் தொண்டர்கள் ஓரிடத்தில் கூடிச் சில நாட்கள் பேசுகிறார்கள். தனிமை, கோபம், வேலையில் சலிப்பு, அவமானப்பட்ட சம்பவம் எல்லாம் அங்கே வெளிவரும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பலர் பாதியில் திரும்பியிருப்பார்கள். தங்களை யாரும் தனிப்பட்ட முறையில் வெறுக்கவில்லை, தங்கள் பின்னால் நிற்கும் வரலாற்றின் மேல்தான் அந்த வெறுப்பு என்று அறிவதற்கே சிலருக்கு ஆறு மாதம் ஆகிறது. அது புரிந்த பிறகு முகச்சுளிப்பைத் தாங்க முடிகிறது. இன்னொரு கஷ்டம் ஆண்டின் முடிவில் வருகிறது. முதியவர் ஒருவர் ஒரு முகத்துக்குப் பழகியிருப்பார். அந்த முகம் ஆகஸ்டில் போய், செப்டம்பரில் வேறொரு முகம் வரும். ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் பிரிவதை முதியவர்கள் தாங்குகிறார்கள் என்பது, இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் செலுத்தும் பங்கு. விடைபெறுவதை ஒரு மாதம் முன்பே தொடங்கி, புதிதாக வருகிறவரை முறையாக அறிமுகப்படுத்திவிட்டுப் போவது நல்ல தொண்டரின் கடைசி வேலை.

இந்தப் போக்குவரத்து ஒருவழியாகவே இருந்துவிடவில்லை. கோவென்ட்ரியில் ஜெர்மானியர்கள் வேலை செய்துவிட்டுப் போன பிறகு, 1965-இல் அங்கிருந்து ஆங்கிலேய இளைஞர்கள் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போனார்கள். 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் எரித்த நகரம் அது. அங்கே குண்டுவீச்சில் சிதைந்த சபை மருத்துவமனையின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்ட மாதக்கணக்கில் உழைத்தார்கள். பனிப்போரின் நடுவில் அதற்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடு. பின்னாளில் போலந்து, இஸ்ரேல், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் ஜெர்மனிக்குத் தொண்டர்களாக வரத் தொடங்கினார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட ஜெர்மன் ஊர்கள், அந்நியர் ஒருவரைத் தங்கள் நடுவே வாழவிடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை மறுபக்கத்திலிருந்து அறிந்தன.

இயக்கத்தின் கிழக்குப் பிரிவும் மேற்குப் பிரிவும் 1991-இல் மீண்டும் ஒரே அமைப்பாயின. கிரைசிக் அதைக் காணவில்லை, 1986-இல் காலமாகிவிட்டார். இப்போது பணியின் தன்மை மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. முகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். இருப்பவர்கள் அன்று குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளோடும், ஆவணக் காப்பகங்களிலும், நினைவிடங்களிலும், புறக்கணிக்கப்பட்ட ரோமா மக்களோடும் தொண்டர்கள் வேலை செய்கிறார்கள். கோடைக்காலங்களில் எல்லா வயதினரும் இரண்டு மூன்று வாரங்கள் கூடி, கவனிப்பாரற்ற யூதக் கல்லறைகளில் புதர் வெட்டிக் கற்களை நிமிர்த்துகிறார்கள். ஜெர்மனியிலிருந்து புறப்படுகிறவர்களிலும் துருக்கி, சிரியா, வியட்நாம் என்று வேறு நாடுகளில் வேர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாஜிக் காலத்தில் அவர்களுடைய தாத்தாக்கள் ஜெர்மனியிலேயே இல்லை. ஆனாலும் ஜெர்மன் கடவுச்சீட்டோடு போய் நிற்கும்போது, உன் குடும்பம் அப்போது எங்கே இருந்தது என்ற அதே கேள்வியை அவர்களும் எதிர்கொள்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றி ஆயத்தப் பயிற்சிகளில் இப்போது தனியே பேச வேண்டியிருக்கிறது.